ஓட்டோவுக்கு லைட் பூட்டுவதற்கு முன் ஒரு பியூஸ் வாங்குங்கள்

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் எல்.ஈ.டி ஸ்ட்ரிப்பை, அதாவது சின்னச் சின்ன லைட் பதித்த பட்டியை, மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பின்பக்கம் பசை இருக்கும், உரித்து ஒட்டி, இரண்டு வயரையும் பட்டரியில் கொடுத்தால் ஓட்டோ முழுக்க நீலமும் பச்சையுமாக எரியும், அவ்வளவுதான் வேலை. யாராவது பயந்தால் "12 வோல்ட்தானே, என்ன நடக்கப் போகுது" என்பார்கள்.

12 வோல்ட் உங்களுக்கு ஷொக் அடிக்காது, சரி. ஆனால் வயரைச் சூடாக்குவது அதில் ஓடும் கரண்ட், அந்தச் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும்: கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. எஞ்சினையே சுழற்றி ஸ்டார்ட் செய்கிற பட்டரி, குறுக்கே ஒரு வயர் பட்டால் 100 ஆம்பியருக்கு மேலும் தள்ளிவிடும். ஸ்ட்ரிப்போடு வருகிற மாதிரியான மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 100 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 340 வாட் வெப்பம் கிளம்பும். ஈயம் பற்றவைக்கிற 60 வாட் சூட்டுக்கோல் ஐந்தை ஒரு மீட்டருக்குள் வைத்ததற்கும் மேலே அது. மேலுறை பிளாஸ்டிக் உருகிப் பற்ற அதிக நேரம் எடுக்காது, பக்கத்தில் பெற்றோல் குழாய் வேறு போகும்.

குறுக்கே படுவது எப்படி? வாகனத்தின் உலோக உடம்பு முழுதும் பட்டரியின் நெகட்டிவ்தான். தகரத்தில் துளை போட்டு வயரை இழுத்து விடுகிறோம், ஓட்டோ அதிர அதிர அந்தத் துளையின் விளிம்பு வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது, ஒரு நாள் செம்பு தகரத்தைத் தொட்டுவிடுகிறது. துளைக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டால் போதும், விலை மிகச் சொற்பம், அதைக்கூடப் போடாமல் விடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற என்று நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற: அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் முதலில் தான் உருகி லைனை அறுத்துவிடும். அதனால்தான் லைட் பக்கத்தில் வைத்துப் பயனில்லை, பட்டரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் இருக்கிற வயரைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை.

எத்தனை ஆம்பியர் பியூஸ்? மீட்டருக்கு 60 பல்பு உள்ள 5050 வகை ஸ்ட்ரிப் 12 வோல்ட்டில் மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும், அதாவது 1.2 ஆம்பியர். 3 மீட்டருக்கு 3.6. ஆனால் எஞ்சின் ஓடும்போது சார்ஜாகிற பட்டரியில் இருப்பது 12 இல்லை, 14.4 வோல்ட் வரை போகும். ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்.ஈ.டியாக வரிசையில் கோத்து, கூடவே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். வெள்ளை, நீல எல்.ஈ.டி ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் எடுத்தால் 9 போய்விடும், மீதி 3 வோல்ட்தான் ரெசிஸ்டருக்கு, கரண்டை அதுதான் தீர்மானிக்கிறது. 14.4 வந்ததும் எல்.ஈ.டிகள் அதே 9 அளவில்தான் நிற்கும், ரெசிஸ்டருக்கு 5.4 வோல்ட் போகும். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கரண்ட் ஒன்றரை மடங்கையும் தாண்டுகிறது. வீட்டு அலங்காரத்துக்கென்று விற்கிற ஸ்ட்ரிப் வாகனத்தில் சீக்கிரம் கருகிச் சாவது இதனால்தான். வாகனத்துக்கென்றே கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்கிட்டோடு வருவதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர். 3 மீட்டருக்கு 7.5 ஆம்பியர் பியூஸ், குறைந்தது 1 சதுர மில்லிமீட்டர் வயர்.

ஹெட்லைட் வயரிலோ பார்க் லைட் வயரிலோ கிள்ளி எடுக்க வேண்டாம், அவை தங்கள் பாரத்துக்கு அளந்து போட்டவை. ஒரு ரிலே வையுங்கள், சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச் அது, முனைகளில் எண் போட்டிருக்கும்: 30ஆம் முனைக்குப் பியூஸ் வழியாகப் பட்டரி, 87இலிருந்து லைட், 85க்கும் 86க்கும் சுவிச்சும் நெகட்டிவும். சுவிச்சில் சொற்பக் கரண்ட்தான் ஓடும். அந்தச் சுவிச்சுக்கு இக்னிஷனிலிருந்து லைன் கொடுத்தால் சாவியை எடுத்ததும் அணைந்துவிடும், காலையில் பட்டரி இறங்கிக் கிடக்காது.

வெள்ளவத்தைக் கடலோரம் ஓடுகிற வண்டிக்கு உப்புக்காற்று இன்னொரு எதிரி. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புக்குள் ஈரம் ஏறிச் செம்பு பச்சை பிடிக்கும், அங்கே தடை கூடும், அந்த ஒரு புள்ளி மட்டும் சுடும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஸ்ட்ரிப் ஐபி67 ஆக இருக்கட்டும், 1 மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரம் அது. ஐபி65 நீர்வீச்சுக்கு மட்டும்தான், கொழும்பில் மழை கொட்டினால் சில வீதிகளே குளமாகிவிடுகின்றன.

நிறமும் விளையாட்டில்லை. 1968 வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு என்று வகுத்திருக்கிறார்கள், இருட்டில் ஒரு வண்டி வருகிறதா போகிறதா என்று நாம் அறிவது அதை வைத்துத்தான். முன்னால் சிவப்புப் பூட்டினால் எதிரே வருபவர் தப்பாகக் கணிப்பார். நீலம் இன்னும் மோசம்: இரவில் வேலை செய்யும் கண்ணின் கோல் செல்கள் 500 நானோமீட்டர் அருகே, நீலப்பச்சையில்தான் மிகக் கூர்மையானவை, அதனால் சிறு நீல லைட்டும் இருட்டில் பளிச்சென்று தெரியும். 2025 தொடக்கத்தில் இலங்கையில் கூடுதல் லைட், அலங்காரம் எல்லாவற்றையும் பொலிஸ் கழற்ற வைத்ததும் நினைவிருக்கும், ஆகவே மினுக்குகிற சிவப்பு நீலம் வேண்டவே வேண்டாம். திருவிழாவுக்கு நிறுத்திவைத்த வண்டியில் எரியட்டும், வீதியில் ஓடும்போது அணைத்துவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் எஞ்சினை ஓடவிட்டு இருபது நிமிடம் எரிய விடுங்கள், அப்புறம் எஞ்சினையும் லைட்டையும் அணைத்துவிட்டு, சைலன்சர் பக்கம் கை போகாமல், பட்டரியில் தொடங்கி வயர், பியூஸ், ரிலே, ஒவ்வொரு இணைப்பு என்று தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பை வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும்.