பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: உள்ளே என்னதான் நடக்கிறது?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கோலாலம்பூரில் லோயாட் பிளாசா பக்கம் பத்து வருடப் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால், "இது பதினொன்னு தாங்காதுண்ணே, புதுசு வாங்கிடுங்க" என்றுதான் யாரும் சொல்வார்கள். தப்பில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 2017இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பிள்ளைகளின் பள்ளிப் பாடத்துக்கென்று வாங்கி, இப்போது அலமாரியில் கிடக்கும் பல லேப்டாப்புகள் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். அவற்றை இன்னும் ஓட்ட ஒரு வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்.

ஆனால் அந்த லேப்டாப் "ஸ்லோ ஆயிடுச்சு" என்று சொல்கிறோமே, அது என்ன? செயலிக்கு மூப்பு வந்து கணக்குப் போடும் வேகம் குறைவதில்லை. தூசி அடைத்து, சூடு ஏறி, அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது உண்டு. காற்றாடியைச் சுத்தம் செய்தால் அது சரியாகிவிடும். பெரும்பாலான நேரம் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான்.

அந்தக் காலத்து லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 90. வேண்டிய தகவல் இருக்கும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 5.5 மில்லிநொடி. முனை சரியான வட்டத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுத் தகவல்களை நொடிக்கு அறுபது எழுபது தடவைதான் எடுத்துத் தர முடியும். அப்படி ஒரு துண்டு வருவதற்குள் 2 கிகாஹெர்ட்ஸ் செயலி மூன்று கோடித் துடிப்புகளைச் சும்மா கழித்துவிட்டிருக்கும். கணினியைப் போட்டதும் வைரஸ் தடுப்பு, தானியங்கிப் புதுப்பிப்பு, தேடல் அட்டவணை எல்லாம் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கும். 4 ஜிபி ரேம் நிரம்பிவிட்டால், இடம் போதாமல் ரேமில் இருப்பதையே டிஸ்க்கில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிவரும். ஓரத்தில் இருக்கும் சின்ன டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதா? காரணம் இதுதான்.

அதனால் என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: லினக்ஸ் போடுவதற்கு முன், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் ஒரு 2.5 அங்குல எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். அதில் சுழல எதுவும் இல்லை. ஒரு துண்டை எடுக்க மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அப்புறம் லினக்ஸைப் பேசலாம்.

மின்ட், உபுண்டு, டெபியன் என்று லினக்ஸின் எந்த வகையை எடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: இயங்குதளம் முழுவதையும் அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதற்கென்று உள்ள ஒரு நிரலால் பென்டிரைவில் எழுத வேண்டும். பாட்டுக் கோப்பைப் போடுவதுபோல இழுத்துப் போட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாது. ஏன்? பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்ளும், லேப்டாப்புக்குள்ளேயே பதிந்த நிரலான பயாஸுக்குக் கோப்பு என்றாலே என்னவென்று தெரியாது. அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். கடைசி இரண்டு பைட் பதினறும எண்ணில் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அந்த 512க்குள் இருக்கும் நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த இரண்டு பைட்டும், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பிரிவினை அட்டவணைக்கான 64 பைட்டும் போக, வழக்கமாக நிரலுக்கு எஞ்சுவது 446 பைட். இந்தப் பத்தியைச் சேமிக்கவே அது போதாது. அவ்வளவு சின்ன நிரல் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த பெரிய நிரல் எங்கே இருக்கிறது என்று தேடி ஏற்றுவது.

2012இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து லேப்டாப்புகளில் பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ பிடித்துக்கொண்டது. இதற்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். டிஸ்க்கில் ஃபேட் என்ற கோப்பு வடிவில் அமைந்த பிரிவொன்றில் குறிப்பிட்ட பெயரில் தொடக்க நிரல் இருந்தால் போதும், அதை நேரே ஏற்றிவிடும். இன்றைய ஐஎஸ்ஓக்களில் பெரும்பாலானவை இரண்டு வழிக்கும் ஏற்றபடியே கட்டப்பட்டவை. பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்ல, லேப்டாப்பைப் போட்ட உடனே ஒரு விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அல்லது எஸ்கேப். ஏசரில் எஃப்12 பட்டியலை முதலில் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் இயக்கிவைக்க வேண்டியிருக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் பென்டிரைவைக் குறை சொல்வது இங்கேதான்.

தொடக்க நிரல் இரண்டு பொருள்களை ரேமில் கொண்டுவந்து வைக்கும். ஒன்று கெர்னல், அதாவது வன்பொருளை ஆளும் இயங்குதளத்தின் உட்கரு. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கி, இன்று உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்க்கும் அதே லினக்ஸ் கெர்னல்தான். மற்றொன்று தற்காலிகமான ஒரு குட்டிக் கோப்புத் தொகுதி. உண்மையான கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கத் தேவையான கருவிகள் மட்டும் அதில் இருக்கும்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பென்டிரைவில் இயங்குதளம் முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக இருக்கிறது. அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ஆனால் திரையில் வரும் லினக்ஸில் நீங்கள் கோப்பு எழுதலாம், பின்னணிப் படத்தை மாற்றலாம், புதிய மென்பொருள்கூடப் போடலாம். வரைபடத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து அதன்மேல் எழுதுவதுபோல, மாறாத அந்தக் கோப்பின் மேல் ரேமில் ஓர் அடுக்கை விரித்து, மாற்றங்களை எல்லாம் அங்கே எழுதுகிறது கெர்னல். எழுதியதும் பழையதும் சேர்ந்து ஒரே கோப்புத் தொகுதியாக நமக்குத் தெரியும். அணைத்தால் ரேம் வெறுமையாகிவிடும், மாற்றங்களும் போய்விடும். நீங்களாகத் திறந்து எழுதாதவரை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி வைத்துவிட்டும் இதை ஓட்டலாம். எனவே நிறுவுவதற்கு முன் ஒரு மாலை நேரம் இப்படியே ஓட்டி, ஒலி, கேமரா, வைஃபை, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது.

முன்பின் பார்க்காத லேப்டாப்பின் பாகங்களைக் கெர்னல் எப்படி அடையாளம் காண்கிறது? ஒவ்வொரு பாகமும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்று இரண்டு எண்களைச் சொல்லும். இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. 1978இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற செயலியின் பெயரேதான், குறும்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். (அந்த இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்துகூடத்தை 1972இல் திறந்தது நம் பினாங்கில். பல பழைய செயலிகளின் முதுகில் 'மலாய்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பதைப் பார்க்கலாம்.) அந்த எண்களை வைத்துப் பொருத்தமான இயக்கி நிரலைக் கெர்னல் தன் கையிருப்பிலிருந்தே எடுத்து ஏற்றும். விண்டோஸில்போல குறுந்தகடு தேடி அலைய வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை.

அநேகமாக என்று சொன்னது வைஃபைக்காக. சில வைஃபை அட்டைகளுக்குள் ஓட வேண்டிய நிரலைத் தயாரிப்பாளர் மூலநிரல் (மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவம்) இல்லாமல்தான் தருகிறார். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளில் கறாராக இருந்த டெபியன்கூட 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அப்படிப்பட்ட நிரல்களை நிறுவியிலேயே சேர்த்துவிட்டது. அப்படியும் பழைய பிராட்காம் அட்டை சில அடம்பிடிக்கும். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால், தேவையானதை இறக்கிக்கொள்ளலாம்.

நிறுவுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்கில் படியெடுத்துவிடுங்கள். நிறுவி கேட்கும் கேள்விகளில் "டிஸ்க்கை முழுவதும் அழிக்கவா" என்பது ஒன்றுதான் ஆபத்தானது. மேசைத்தளத்தில், அதாவது திரையில் தெரியும் சாளரங்களையும் பட்டியல்களையும் தரும் நிரல்தொகுதியில், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 1 ஜிபி ரேமிலேயே அடங்கிவிடும். 4 ஜிபி லேப்டாப்பில் அது பெரிய வித்தியாசம்.

ஆனாலும் பிரவுசர் அதே பிரவுசர்தான். பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்தால் லினக்ஸிலும் ரேம் நிரம்பும். இதற்கு இசட்ரேம் என்ற வசதி கைகொடுக்கும்: ரேமில் பயன்படாமல் கிடக்கும் தகவல் துண்டுகளை டிஸ்க்குக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். பெரும்பாலும் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். சுருக்கவும் விரிக்கவும் செயலிக்குக் கொஞ்சம் வேலை கூடும்தான், ஆனால் டிஸ்க்குக்காகச் சும்மா காத்திருந்ததைவிட அது எவ்வளவோ மேல்.

மேபேங்க் கணக்கு, வருமானவரிப் படிவம் எல்லாம் பிரவுசரில் நடப்பதால் சிக்கல் இல்லை. எக்செலில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) எழுதி வைத்துக் கணக்குப் பார்க்கும் கடைக்காரர்களை மட்டும் நான் மாறச் சொல்ல மாட்டேன். லினக்ஸில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆஃபிஸில் அந்த மேக்ரோக்கள் பாதிதான் ஓடும்.

தமிழ் தட்டச்சு இப்போது தொல்லை இல்லை. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99, ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி அடிக்கும் ஒலியெழுத்து முறை இரண்டும் உண்டு. முத்து நெடுமாறன் இங்கே கோலாலம்பூரில் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருளில் பழகியவர்களுக்கு ஒலியெழுத்து முறை சீக்கிரம் கைவந்துவிடும். 'கொ' என்று அடித்தால் கோப்பில் பதிவது க, அதன்பின் ஒரே ஓர் உயிர்க்குறி. அந்தக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, ஒன்றை எழுத்துக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தின் வேலை. அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழை வரைவதும் அதுவே.

எல்லாப் பழைய இயந்திரத்துக்கும் இது பொருந்துமா என்றால், செயலி 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். 2008 வாக்கில் வந்த ஆட்டம் என்270 செயலிக் குட்டி நெட்புக்குகள் 32 பிட் மட்டும்தான். உபுண்டு, மின்டின் முதன்மைப் பதிப்பு இரண்டும் அவற்றை எப்போதோ விட்டுவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13க்கும் 32 பிட் நிறுவி கிடையாது. கையில் அப்படி ஒன்று இருந்தால் டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் என்ற எளிய லினக்ஸ் போட்டுப் பாருங்கள். கடிதம் அடிக்கவும் பாட்டுக் கேட்கவும் ஓடும். யூடியூப்பை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.