தெர்மாமீட்டர் பாதி, வாளி மீதி

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க வந்த மெக்கானிக், காற்று உள்ளே போகும் இடத்தில் ஒருமுறை, வெளியே வரும் இடத்தில் ஒருமுறை தெர்மாமீட்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பத்து டிகிரிதான் சார் இறங்குது, திருச்சியில இதே மாடல் பதிமூணு இறக்குது, காயில் போயிடுச்சு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அளந்தது பாதி வேலையைத்தான்.

கூலிங் காயில் காற்றின் சூட்டை மட்டும் இறக்குவதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தையும் தண்ணீராக்கிச் சொட்டவிடுகிறது. இதற்கும் குளிர்ச்சி செலவாகிறது, ஆனால் தெர்மாமீட்டரில் அது தெரியாது. சித்திரையில் திருச்சிக் காற்று வறண்டு கிடக்கும். இங்கே சாயங்காலம் கடல்காற்று எழும்பினால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, நாகை ஏசிக்கு வேலையில் கணிசமான பங்கு ஈரத்தைப் பிழிவதிலேயே போய்விடும்.

இந்த மறைவு வேலையை அளக்க, அந்தத் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு (டிரெய்ன் பைப்) அடியில் ஒரு வாளி போதும். ஏசியை முழு வேகத்தில் அரைமணி ஓடவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் தண்ணீர் பிடியுங்கள். 1 கிலோ நீராவி தண்ணீராகும்போது சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தைக் காயிலிடம் விட்டுப்போகிறது. அதாவது மணிக்கு 1 லிட்டர் சொட்டினால் கிட்டத்தட்ட 680 வாட். எங்கள் வாளியில் இரண்டரை லிட்டர், ஆகவே 1,700 வாட்.

சூட்டுக் கணக்குக்குக் காற்றின் அளவும் வேண்டும். விநாடிக்கு 0.25 கனமீட்டர் காற்று என்று வைத்தால் எடை சுமார் 0.3 கிலோ, அது 10 டிகிரி இறங்க 3,000 வாட். இரண்டும் சேர்ந்து 4,700. ஒன்றரை டன் ஏசியின் முழுத்திறன் சுமார் 5,250 வாட், அதனால் இந்த வயதுக்கு இது மோசமில்லை.

ஆய்வகத்தில் வாளியோடு நிற்காமல், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரையும் வைப்பார்கள். மண்பானை குளிரும் அதே தத்துவம்தான்: காற்று வறண்டிருந்தால் துணி நன்றாகக் குளிரும், ஈரமாக இருந்தால் குளிராது. உலர்ந்ததில் 27, ஈரத்துணியில் 19 டிகிரி காட்டும் அறைக்காற்றில்தான் ஏசியின் திறனைச் சோதிப்பது வழக்கம்.

இதில் வேடிக்கை, ஃபில்டரில் தூசி அடைத்தால் டிகிரி வித்தியாசம் கூடும்! காற்று மெல்லப் போவதால் ஒவ்வொரு கிலோவும் அதிகம் குளிர்கிறது, ஆனால் மொத்தத்தில் அறைக்கு வரும் குளிர்ச்சி குறைகிறது. திருச்சியின் அந்தப் பதிமூன்றில் தூசியின் பங்கு எவ்வளவோ! காயிலை மாற்ற வேண்டாம் என்று மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, ஃபில்டரை மட்டும் கழுவி மாட்டினேன்.