மழைத்தண்ணீர் குடித்த கேபிளும் ஆன்டெனா அனலைசரும்

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் போகிற வழியில், கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் தோப்பு. ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலிக்கு, ஆன்டெனாக் கம்பி கட்டத் தென்னையைவிட நல்ல கம்பம் உண்டா? நடுவில் கேபிள் சேர, இருபக்கமும் கம்பி நீளும் ஆன்டெனாதான் டைபோல். 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் சுமார் 20 மீட்டர். பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தேன்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் பாலக்காட்டு நண்பருக்கே என் குரல் தேய்ந்து கேட்டது. அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ 2-க்குக் கீழேதான் நின்றது; 1-ஐ நெருங்க நெருங்க நல்லது என்பது கணக்கு. கடன் வாங்கிய அனலைசரை மாட்டி 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினேன். டைபோல் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். கோட்டின் நடுவில் பள்ளமும் இருபுறமும் செங்குத்தான ஏற்றமும் தெரிய வேண்டும். எனக்கு வந்தது ஏறக்குறைய சமதளம். கேபிளின் மேலுறை வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது.

தாம்புக்கயிற்றை மரத்தில் கட்டி ஒரு உதறு உதறினால் அலை போய் முட்டித் திரும்பி வரும். அனலைசர் அதைத்தான் செய்கிறது: மிகச் சிறிய அலையை அனுப்பி, திரும்புவதை அளக்கிறது. ஒன்பதில் ஒரு பங்கு திரும்பினால் எஸ்.டபிள்யூ.ஆர். 2, கால் பங்கு என்றால் 3. கேபிள் போகும்போது பாதியைத் தின்று, வரும்போதும் பாதியைத் தின்றால், மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் மீட்டர் 3 என்றுதான் காட்டும். கெட்ட கேபிள் ஆன்டெனாவை நல்லதாகக் காட்டிவிடுகிறது.

ஆகவே அனலைசர் வாங்கப் போகிறவர்கள் எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணோடு நின்றுவிடக் கூடாது என்பேன். மின்தடையையும் ரியாக்டன்ஸையும் (மின்னாற்றலைத் தேக்கித் திருப்பும் எதிர்ப்பு) தனித்தனியே, கூட்டல் கழித்தல் குறியோடு காட்டுகிறதா என்று பாருங்கள். வேண்டிய அலைவரிசையில் ரியாக்டன்ஸ் கூட்டலாக வந்தால் கம்பி நீளம், வெட்டலாம்; கழித்தல் வந்தால் குட்டை. பழைய எம்.எஃப்.ஜே-259 அந்தக் குறியைக் காட்டாது. பக்கத்தில் வானொலி நிலையம் இருந்தால் அதன் அலையும் அளவைக் கெடுக்கும். ரிக்எக்ஸ்பர்ட் ஏஏ-55 போன்றவை கைக்கு அடக்கமானவை, ஆனால் 55 மெகாஹெர்ட்ஸோடு சரி; 144-இல் பேசுகிறவருக்கு உதவாது.

குறைந்த விலையில் நேனோ வி.என்.ஏ. என்ற சிறிய அனலைசருக்கே என் ஓட்டு. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் மூன்றையும் கேபிளின் ஆன்டெனா முனையில் வைத்தே அளவுதிருத்தம் செய்தால், கேபிளைக் கழித்துவிட்டு ஆன்டெனாவை மட்டும் காட்டும். உச்சி வெயிலில் அதன் சின்னத் திரையைப் படிப்பது கஷ்டம். காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு வீசும் நாளில் கம்பியில் நிலைமின்சாரம் சேரும். கேபிளின் நடுக்கம்பியையும் அதைச் சுற்றியுள்ள கம்பி வலையையும் ஒரு முறை தொடவிட்டு, பிறகே அனலைசரில் செருகுங்கள். இடி கேட்டால் தொடவே வேண்டாம்.