ஓரமாகப் போனால் மட்டும் போதாது

"ஓரமாவே போப்பா" என்று சொல்லாமல் பிள்ளையை சைக்கிளில் அனுப்புகிற அம்மா கிடையாது. சென்னையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சைக்கிளில் அடிபட்டு வருகிறவர்கள் பலரும் என்னிடம் சொல்வது, "ஓரமாத்தான் சார் போனேன்."

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். மழை விட்ட மறுநாள், சாலை ஓரத்தில் சேர்ந்திருந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி விழுந்திருக்கிறான். முழங்கையில் சிராய்ப்புதானே என்று எழுந்து வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டான். ராத்திரி வாந்தி. விடிந்ததும் தூக்கி வந்தார்கள். சட்டையை விலக்கினால், தொப்புளுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு கன்றல். ஹேண்டில்பாரில் ரப்பர் உறை போய், வெறும் குழாய் குத்திய தடம் அது. முதுகெலும்புக்கு முன்னால் இருக்கும் கணையம், குழாய்க்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. இந்த மாதிரி அடியில் வெளியே காயம் பெரிதாகத் தெரியாது. வலியும் வாந்தியும் பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது என்று பிள்ளை சொன்னால், ரத்தம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். கிழிந்த ரப்பர் உறையை இன்றைக்கே மாற்றுங்கள்.

இடதுபக்கம் போக வேண்டும் என்பது சரிதான். ஆனால் சாலையின் விளிம்பு வேறு. மணலும் வடிகால் மூடியும் அங்கேதான் இருக்கின்றன. விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி, வளையாமல் நேராக ஓட்டுங்கள். நின்றிருக்கும் கார்களைத் தாண்டும்போது ஒரு கதவு திறக்கும் அளவுக்கு இடம் விடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது பஸ்ஸுக்கு இடதுபக்கம் இருக்கும் இடுக்கு. சிக்னலில் நிற்கும் பஸ்ஸை ஒட்டி நுழைந்தால் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியாமல் போகலாம். பஸ் இடதுபக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கி வரும், அந்த இடுக்கு அப்படியே மூடிவிடும். பின்னாலேயே நில்லுங்கள். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு இடதுபக்கம் புகுந்து போவது இறங்குகிறவர்களுக்கும் ஆபத்து. படியில் கால் வைக்கும் வயதான அம்மா சைக்கிளை எதிர்பார்க்க மாட்டார். பெல் அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், நின்று வழி விடுங்கள்.

எதிர்த்திசையில் வருகிறவர்கள், "எதிரே வர்ற வண்டி எனக்குத் தெரியுதே" என்கிறார்கள். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போக, 40-ல் ஒரு பைக் பின்னால் வந்து மோதினால் வேக வித்தியாசம் 25. நேருக்கு நேர் என்றால் 55. போதாததற்கு, சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பி ஏறுகிறவர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். உங்களைப் பார்க்கவே மாட்டார்.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷன் போய் இருட்டில் திரும்பும் பிள்ளைகள் நிறைய. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் ஒரு சின்ன விளக்கும் கட்டாயம் வேண்டும். சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் போடச் சொல்வேன்.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வண்டியை ஓரம் கட்டி இறங்கும்போது, டிரைவர் பக்கக் கதவை இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும்.