பாலிம்செஸ்ட்: அழித்தெழுத்து

பழைய நகரங்களைப் பற்றிய ஓவியக் கண்காட்சிகளில் விளக்க அட்டையைப் படித்தால் ‘பாலிம்செஸ்ட்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். கிரேக்கத்தில் ‘பாலின்’ என்றால் மறுபடியும், ‘ப்செஸ்டோஸ்’ என்றால் சுரண்டியது. தோல் ஏடு விலை கூடுதல் என்பதால் ஐரோப்பாவில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே புதிதாக எழுதினார்கள். அடியெழுத்து முழுதாகப் போகாமல் மங்கலாகத் தெரியும். அப்படிப்பட்ட ஏட்டுக்குத்தான் இந்தப் பெயர். ஆர்க்கிமிடீசின் நூல்களைப் பிரதியெடுத்த 10ஆம் நூற்றாண்டு ஏட்டின் மேல் 13ஆம் நூற்றாண்டில் ஜெபங்களை எழுதிவிட்டார்கள்.

நம் பனையோலையில் இந்த வேலை நடக்காது. எழுத்தாணி கீறியதைச் சுரண்டினால் ஓலையே வீணாகிவிடும். ஆகவே இந்தச் சொல்லுக்கு நிகரை ஏட்டில் தேடாமல் சுவரில் தேடலாம்.

அந்தச் சுவர் தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நாயக்கர் கால ஓவியம். அது உதிர்ந்த இடங்களில் வேறொரு கோடு தெரிவதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். அடியில் இருந்தது ராஜராஜன் காலத்து ஓவியம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் கூடவே போகிறார். இத்தனை நூற்றாண்டு மேற்பூச்சுக்குள் கிடந்தும் அந்தக் கோடுகளின் துள்ளல் குறையவில்லை. பிறகு தொல்லியல் துறை மேல் ஓவியத்தையும் சிதைக்காமல் பெயர்த்தெடுத்து, தனிப் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றியது. இரண்டு காலமும் பிழைத்தது நம் பாக்கியம்.

இன்றைய கலைஞர்கள் இதையே தெரிந்து செய்கிறார்கள். 2016இல் தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ், ரோமில் டைபர் ஆற்றங்கரைச் சுவரில் சுமார் 500 மீட்டருக்கு அந்நகரின் வரலாற்று உருவங்களை நிறுத்தினார். வண்ணமே பூசவில்லை. அழுக்கைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, கழுவாமல் விட்ட அழுக்கையே உருவமாக்கினார். மறுபடி அழுக்கு சேரச் சேர உருவமும் மறையும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பல அடுக்கு’ என்றால் அழிப்பு விடுபட்டுப்போகிறது. ‘அழித்தெழுத்து’ என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். சிலேட்டில் ‘அழிச்சு எழுது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சித்திரத்தையும் ‘எழுதுவது’ தமிழ் மரபு என்பதால் ஏட்டுக்கும் சுவருக்கும் ஒரே சொல் போதும். தஞ்சையில் சுரண்டவில்லை, சாந்து பூசி மூடினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றை மறைத்து இன்னொன்று ஏறியதால் சொல் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் இதைப் போடக் கூடாது. அதே கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில் தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி 1803இல் தம் போன்சலே வம்ச வரலாற்றை மராத்தியில் வெட்டுவித்தார். அங்கே ஒன்றை மறைத்து இன்னொன்று ஏறவில்லை என்பதால், அதைச் சோழர் கல்வெட்டோடு சேர்த்துச் சொல்லும்போது ‘அடுக்கு’ என்றே எழுதலாம்.