டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரண்டு இடத்தில் பணம் இருக்கிறது

ஆவணியில் மாத்திரை தொடங்கியவருக்கு ஐப்பசியில் இருமல் நின்று பசி எடுக்கத் தொடங்கியிருக்கும். களையெடுக்க ஆள் கூப்பிடுவார்கள். ‘அதான் தேறிடுச்சே’ என்று மாத்திரை அட்டையைப் பரணில் போட்டுவிட்டு வயலில் இறங்குவது அப்போதுதான். ஆனால் சாதாரண காசநோய்க்கே சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து. தை அறுவடை தாண்டி மாசியில்தான் முடியும். நடுவில் விட்டால் அடுத்த முறை அந்த மருந்துக்கே கிருமி அடங்காமல் போகலாம்.

கூலி இல்லாமல் போகிற அந்த மாதங்களில் சத்தாகச் சாப்பிடத்தான் மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டம். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் 1,000 ஆனது. மாதாமாதம் வராது, சிகிச்சை தொடங்கும்போது 3,000, 84 நாள் முடிந்ததும் 3,000. தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் உண்டு, காசநோயாளிகளைப் பதியும் அரசின் நிக்ஷய் தளத்தில் அவர் உங்களைப் பதிந்திருந்தால். பதிவது அவருக்குக் கட்டாயம்.

பணம் வரவில்லை என்றால் முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் இந்தப் பணத்துக்காகக் கொடுத்தது, எப்போதோ நகைக்கடனுக்காகத் திறந்து வருடக்கணக்கில் தொடாத கணக்கு. அது முடங்கிக் கிடப்பதை வங்கியிலும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆதார் நகலோடு போய் உயிர்ப்பித்த பிறகுதான் பணம் ஏறியது. மாத்திரை வாங்கப் போகும்போதே உங்கள் நிக்ஷய் எண்ணையும் பதிவான கணக்கு எண்ணையும் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள்.

இரண்டாவது, டெல்டாக்காரர்கள் பலர் கேட்காமலே விடுவது: தமிழக அரசின் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். 2.5 ஏக்கர் நஞ்சைக்குள் வைத்துப் பயிரிடும் விவசாயி, குத்தகைதாரர், விவசாயக் கூலி என 18 முதல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு உழவர் அட்டை உண்டு. அட்டைதாரருக்குக் காசநோய் வந்தால் நோய் இருக்கும் காலத்துக்கு மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்கும் படிப்புக்கும் அந்த அட்டையைத் தேடி எடுக்கிறோம், இதற்கு யாரும் எடுப்பதில்லை. டாக்டர் சான்றோடு தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மருந்தின் நிறம்தான், பயந்து நிறுத்த வேண்டாம். வேறு சந்தேகம் இருந்தால் 1800-11-6666, கட்டணம் கிடையாது.