மேடாக்கச் சொல்லும் சான்றிதழ்

சென்னையின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுடன் திட்டமிடப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றி 2025-இன் பிற்பகுதியில் எழுந்த விவாதம், பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது. அந்த மனையின் புல எண்கள் (சர்வே எண்கள்) ராம்சார் எல்லைக்கு, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட பரப்பின் எல்லைக்கு, உள்ளே வருகின்றனவா, வெளியே நிற்கின்றனவா என்பதே அந்தக் கேள்வி. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். வனத்துறையின் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதோ ஏறத்தாழ 700 ஹெக்டேர் மட்டுமே. இடைப்பட்ட நிலத்தில் பட்டா நிலங்களும் இருக்கின்றன. எல்லையைக் களத்தில் அளந்து உறுதிசெய்யும் வரை, அதற்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. அக்டோபர் இறுதியில், அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

எல்லை குறித்த வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். தென்சென்னைப் புறநகரில் மனைகளுக்கு மட்டம் எடுப்பதும், வீடு வாங்க வருவோருக்கு அனுமதி ஆவணங்களைப் படித்து விளக்குவதும் என் தொழில் என்பதால், அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே, எந்த வழக்கும் இல்லாமல், முறையான சான்றுகளுடன் நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் எனச் சங்கிலியாக அமைந்த ஏரிகளின் உபரி நீர் கலங்கல்களில் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் அமைப்புகளில்) வழிந்து பள்ளிக்கரணைக்கு வந்து சேர்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பரப்பின் மழைநீர் இங்கே கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். வழி நெடுகிலும் நிலம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. புயல் கரையை நெருங்கும் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்துவிட்டால் முகத்துவாரம் நீரை வாங்குவதில்லை. அந்தச் சில மணி நேரங்களில், சில சமயம் ஓரிரு நாட்களில், வடிகாலின் அகலமோ ஆழமோ பெரிதாகக் கைகொடுக்காது; நீர் காத்து நிற்பதற்கு இடம் இருக்கிறதா என்பதே ஊரைக் காப்பாற்றும். "மழைநீர் வடிகால் கட்டித் தந்துவிடுகிறோம்" என்று எந்தத் திட்டத்தின் சார்பில் சொல்லப்பட்டாலும், அந்த வடிகால் போய்ச் சேரும் இடத்தின் நீர்மட்டம் அப்போது என்னவாக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். உறுதிமொழியின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஹெக்டேர் தாழ்நிலத்தை ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினால், முன்பு அங்கே நிற்கக்கூடியதாக இருந்த 1 கோடி லிட்டர் நீருக்கு இடமில்லாமல் போகிறது. 12,000 லிட்டர் கொள்ளளவுள்ள தண்ணீர் லாரிகளில் அளந்தால் அது எண்ணூறு லாரிகளுக்கும் மேல். மேடாக்கப்பட்ட வளாகத்துக்குள் இருப்பவர் 2015-ஐப் போன்ற மழையிலும் நனையாமல் இருக்கலாம். அவருக்குப் பக்கத்துத் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியவரின் வாசற்படி, தன் இடத்தை விட்டு நகராமலேயே, பள்ளத்துக்குப் போய்விடுகிறது. அவர் தன் வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்த வேண்டும், அல்லது விற்றுவிட்டுப் போக வேண்டும்.

இந்த மேடாக்குதல் பல இடங்களில் திருட்டுத்தனமாக நடப்பதன்று. 'பி.டபிள்யூ.டி. என்.ஓ.சி.' என்று எல்லோரும் இன்றும் சொல்லும், வெள்ளத் தேக்கம் குறித்து நீர்வளத் துறை தருகிற தடையின்மைச் சான்றின் நிபந்தனைகளைப் படித்தால், மனையை இன்ன மட்டத்துக்கு மண் நிரப்பி, அடுக்கடுக்காக இறுக்கி உயர்த்த வேண்டும் என்பது வழக்கமான ஒரு நிபந்தனையாகவே இருப்பதைக் காணலாம். அந்த மனையில் குடியேறப் போகிறவரின் கோணத்தில் இது நியாயமான நிபந்தனைதான். ஆனால் சான்று மனை மனையாகத் தரப்படுகிறது. ஒரே ஏரியின் கீழ்ப்புறத்தில் பத்து மனைகளுக்குப் பத்துச் சான்றுகள் தரப்பட்டபின் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட நீரின் மொத்த அளவு என்ன என்பதைக் கூட்டிப் பார்க்கும் கணக்கை நான் படித்த எந்தக் கோப்பிலும் கண்டதில்லை. என் பார்வையில் நம் அனுமதி முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

ஈடுசெய்யும் ஏற்பாடுகளாகக் காட்டப்படுபவற்றையும் சற்று ஐயத்துடனேயே படிக்க வேண்டும். சதுப்பு ஓரத்துக் களிமண்ணில், ஐப்பசி மழைக்குப் பின் நிலத்தடி நீர் சில அடிகளிலேயே தென்படும் இடத்தில், மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள் புயல் வருவதற்கு முன்பே நிரம்பியிருக்கும். வளாகத்துக்குள் வெட்டப்படும் அழகான குளமும் அப்படித்தான்: நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அதன் ஆழம் வெள்ளக் கணக்கில் சேராது, மேலே வெற்றாக இருக்கும் உயரம் மட்டுமே சேரும். நிலத்தை அதன் இயல்பான மட்டத்திலேயே விட்டுவிட்டு, கட்டடத்தைத் தூண்கள் மீது எழுப்பி, தரைத்தளத்தில் நீர் வந்து போக அனுமதிப்பது இவற்றைவிட நேர்மையான தீர்வு. கார்கள் நனையும் என்பதால் விற்பனைப் பிரிவினர் இதை விரும்புவதில்லை.

இவற்றையெல்லாம் அக்கம்பக்கத்தார் எங்கே போய்க் கேட்பது? 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடப் பரப்புக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். ஆனால் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடத்தப்படுவது போன்ற பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து கட்டடத் திட்டங்களுக்கு அதே அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது. உள்ளூர் விவாதம் நேராக நீதிமன்றத்தில் போய் முடிவதற்கு இது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

பட்டாதாரர்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். பதிவுத்துறை பத்திரம் பதிந்தது, வருவாய்த்துறை பட்டா தந்தது, உள்ளாட்சி வரி வாங்கியது. பல ஆண்டுகள் கழித்து, சொந்த வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பக்கூட அனுமதி இல்லை என்றால் நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்? ஒரு கிலோமீட்டர் என்ற வரம்பு, சதுப்பின் ஓரத்தில் மண் கொட்டும் பெருந்திட்டத்தையும், ஏற்கெனவே கட்டி முடித்த தெருவில் மாடி கேட்பவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. நீர் தேங்கும் இடத்தைக் குறைக்காத கட்டுமானத்தையும் குறைக்கும் கட்டுமானத்தையும் பிரித்துப் பார்க்கும் விதி வந்தால் இரு தரப்புக்கும் நியாயம் கிடைக்கும். எல்லைக்குள் உறுதியாக வரும் பட்டா நிலத்துக்கு, வேறிடத்தில் கூடுதலாகக் கட்டப் பயன்படுத்தத்தக்க வளர்ச்சி உரிமையோ இழப்பீடோ தந்தாக வேண்டும்.

இந்தப் பகுதியில் வீடு பார்ப்பவர்கள், விற்பவரிடம் திட்ட அனுமதி வரைபடத்தை மட்டும் வாங்காமல், நீர்வளத் துறையின் சான்றை நிபந்தனைப் பக்கங்களுடன் கேளுங்கள். அதில் மனையின் பழைய மட்டமும் உயர்த்த வேண்டிய மட்டமும் கடல் மட்டத்தைக் கொண்டு குறிக்கப்பட்டிருக்கும். வித்தியாசத்தை நீங்களே கழித்துப் பார்க்கலாம். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) வாய்க்கால் எங்கே ஓடுகிறது, மனையில் அது எங்கே போயிற்று என்று ஒப்பிடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் மழைக்காலப் படங்களைப் பாருங்கள். அணுகுசாலையின் மட்டத்தையும் கேளுங்கள், ஏனெனில் வளாகம் மேடாக இருந்தாலும் பால் வாங்கவும் மருத்துவமனைக்குப் போகவும் அந்தச் சாலையில்தான் இறங்க வேண்டும்.

குடியிருப்போர் நலச்சங்கங்கள் இன்னொன்றும் செய்யலாம். தங்கள் ஏரியின் கீழ்ப்புறத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் வழங்கப்பட்ட சான்றுகளின் நகல்களை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்துக் கேட்கலாம். நகல் கட்டணம் தனி. மனையின் பரப்பும் உயர்த்தச் சொன்ன அளவும் ஒவ்வொரு சான்றிலும் இருக்கும். பெருக்கிக் கூட்டுவதற்குப் பள்ளிக் கணக்கே போதும். வரும் மொத்த நீரளவை அடுத்த விண்ணப்பம் பரிசீலனைக்கு வருவதற்குள் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சிஎம்டிஏ) நீர்வளத் துறைக்கும் எழுத்தில் அனுப்பிவிடலாம்.